எச்சு

ராயபுரத்து மாடிவீட்டில் மூன்றடி நீளத்துக்கு
ஒரு கடல் வைத்திருக்கிறோம்.
திருப்பூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும்
நிஜக் கடலுக்கு அரைநாள் பஸ்.

பகலெல்லாம் லேபில்
சாயம் துணியைப் பிடிக்க உப்பு நிறுக்கிறேன்.
பொழுதோட வீட்டுக்கு வந்து
பவளம் பாறையைப் பிடிக்க உப்பு நிறுக்கிறேன்,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்,
ஆர்.ஓ. தண்ணீரில்.
எங்கள் போர் தண்ணீர்
ஏற்கனவே யாரோ உப்புப் போட்ட தண்ணீர்.
யாரென்று தெரியும். நாங்கள்தான்.

ஆடிக் கடைசியில் முதல் இழை வந்தது,
பம்ப்பின் வாயோரம், பூனை மீசை மாதிரி.
ஒரு வாரத்தில் பாறையெல்லாம் தலைமுடி.
பழக்கதோஷம், கண் ஷேடு பார்த்தது:
பாட்டில் க்ரீன், கொஞ்சம் மஞ்சள் தூக்கல்.
மணலில் இன்னொன்று, மெரூன் தோல்.
உரித்தால் ஒரே துண்டாக வரும்.
மறுநாள் அதே இடத்தில் அதே அளவில் கிடக்கும்.

சொல்லாமல் வந்த ஒறம்பரையை
முதல் நாளே யாரும் போகச் சொல்வதில்லை.
நானும் சொல்லவில்லை.

அப்புறம் பல்துலக்கும் பிரஷ்.
அப்புறம் குழாய் வைத்து உறிஞ்சல்.
கோயமுத்தூரிலிருந்து பன்னிரண்டு நத்தைகள்.
ஒன்பது மேய்ந்தன. மூன்று குப்புற விழுந்து செத்து
பாசிக்கே எருவாயின.
மெம்பரேன் மாற்றினேன்.
பாஸ்பேட் உறிஞ்சும் துருநிறக் குருணையைப்
பழைய சாக்ஸுக்குள் கட்டித் தொங்கவிட்டேன்.
தீனி காலையில் ஒரு சிட்டிகை.
விளக்கு எட்டு மணி நேரம், டைமர் வைத்து.

லேபில் சாம்பிள் பாட்டில்களுக்கு நடுவே
என் கடலில் பத்து மில்லி.
"இது எந்த லாட்டும்மா?"
"வீட்டு லாட்டுங்க சார்."
நீலம் ஏறிக்கொண்டே போனது. பாஸ்பேட் எச்சு.
ஒரு சிட்டிகைக்கு இத்தனை வராது.
கணக்கு இடித்தால்
யாரோ தொட்டியில் எதையோ கொட்டியிருக்கிறார்கள்.
சாயப்பட்டறையில் முதலில் கற்றது இது.

வீட்டில் டைமரைப் பார்த்தேன்.
பக்கத்துச் சின்னப் பொத்தான்
முழுசாகத் திரும்பாமல் நடுவில் நின்றிருந்தது.

மூன்று நாள் இருட்டு என்று முடிவு.
ஷேடு தப்பி ரிஜெக்ட் ஆன கறுப்பு ரிப் துணி
வேண்டுமளவு இருந்தது.
தொட்டியை நாலு சுற்று சுற்றினேன்.

மூன்றாம் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும்.
கம்பெனியிலிருந்து வந்த கனகராசு
துணி மூடிய தொட்டிக்கு முன்னால்
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.
கையில் சோற்றுத் தட்டு, மடியில் தீனி டப்பா.

"லைட்டைப் போட்டா எல்லாம் இந்தப் பக்கம் வந்துரும் புள்ள.
நான் வாயில வெக்கறப்ப அதுகளும் வாயைத் தொறக்கும்.
நாம்மட்டும் எப்படித் திங்கறது?"

ராத்திரிக்கு ஒரு பிடி.
அவசர ஆர்டர் தொடங்கி எட்டு மாசம்.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்,
விடை லேபில் வந்ததோடு ஒத்துப்போனது.

அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தேன்.
ரசம் ஆறியிருந்தது. உப்பு கம்மி.
எட்டு மாசத்தில் ஒருநாளும் சொல்லவில்லை.

நாலாம் நாள் துணியை அவிழ்த்தேன்.
பச்சை நரைத்துக் கையோடு வந்தது.
மெரூன் இருந்த மணல் வெறும் மணல்.
பொத்தான் பவளங்கள் கோபத்தில் மூடிக்கிடந்தன,
மத்தியானம்தான் ஒவ்வொன்றாகச் சமாதானமாயின.
பின்பாறை இடுக்கில் ஒரே ஒரு குமிழ்ப்பாசி,
பச்சைக் கண்ணாடிக் குண்டு.
கிள்ளினால் உடைந்து ஊரெல்லாம் முளைக்கும்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

டப்பாவை ஒளித்துவைக்கவில்லை.
காலைச் சிட்டிகையை நிறுத்தி
அதை அவர் கணக்குக்கு மாற்றினேன்.
டைமரைத் திருப்பினேன்:
சாயங்காலம் ஆறரைக்கு விடியும்,
ராத்திரி ரெண்டரைக்குப் பொழுது சாயும்.
எங்கள் கடலுக்கும் இப்போது நைட் ஷிப்ட்.

நேற்று அளந்தேன்.
இன்னும் கொஞ்சம் எச்சுத்தான்.
ரசத்துக்கு உப்பு சரியாக இருக்கிறதாம்.